சத்தமில்லாத பிரேக்

சிவப்பு விளக்கு எரிந்தது.

"நிறுத்தாதம்மா," என்றாள் பின் சீட்டிலிருந்த மாமியார்.

"சிகப்பு விழுந்திருக்கு, அத்தை."

"விழட்டும். பிள்ளை இப்பத்தான் கண்ண மூடியிருக்கு."

மருமகள் நிறுத்தினாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஐந்து மாதக் குழந்தை கண்ணைத் திறந்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவிங் வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"பச்சை விழுந்ததும் சட்டுனு எடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கார் பழகுவது யாரும் ஆசைப்பட்டுச் செய்த காரியம் அல்ல. அம்மா வாசலைத் தாண்டினால் குழந்தை வீட்டைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிடும். சரி, கூடவே வரட்டும் என்று மாமியார் மடியோடு ஏற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கார் ஓடினால் குழந்தை தூங்கும். நின்றால் எழுந்துவிடும். ஆக, முதல் இரண்டு வாரத்தில் அவள் கார் ஓட்டுவதில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள், நிறுத்துவதைத் தவிர.

குழந்தை பிறந்ததிலிருந்து எல்லாமே இப்படித்தான். வழுக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, அரிசி முனையளவு நகத்தை வெட்டுவது, ஒரு கையால் சாப்பிடுவது, முழங்கையால் கதவைத் திறப்பது. ஒவ்வொன்றும் அவளுக்குப் புது வித்தை, ஒவ்வொன்றிலும் அவள் கடைசி பெஞ்சு. பிஸ்கட் ஆலையில் மட்டும்தான் அவள் ராணி. பத்து வருடமாக அங்கே தரம் பார்ப்பவள். ஓடும் பட்டையில் ஆயிரம் பிஸ்கட் போனாலும் கீறல் விழுந்த ஒன்றைப் பார்த்த பார்வையில் பொறுக்கித் தூர எறிந்துவிடுவாள்.

அந்த ஆலை, அவள் பிரசவ விடுப்பில் இருந்த நேரம் பார்த்து, ஊருக்கு வெளியே போய்விட்டது. கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஆறு கிலோமீட்டர். ஒன்றாம் தேதி வந்து சேராவிட்டால் அவளுடைய நாற்காலி உதவியாளருக்கு என்று கடிதம் வேறு வந்துவிட்டது. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிற ஒரே இடமும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவள் நாட்களை எண்ணத் தொடங்கினாள். ஒன்றாம் தேதிக்குள் லைசென்ஸ் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் டெஸ்ட் வந்தது. லைசென்ஸ் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு வட்டப் பாதை. எல்லோருக்கும் மூன்று சுற்று.

"அதிகாரி மூஞ்சியப் பாத்துடாதீங்க," என்று வாத்தியார் காதில் ஓதினார். "பாத்தா கவனம் சிதறும். ரோட்ட மட்டும் பாருங்க."

நான்கு நாள் தாடியோடு ஓர் ஆள் அட்டையும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுங்க. நான் நிறுத்தச் சொல்லும்போது நிறுத்தினாப் போதும்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மூன்று சுற்று முடிந்தது. ஐந்து முடிந்தது. மரத்தடியில் குழந்தையோடு நின்றிருந்த மாமியாரை ஒவ்வொரு சுற்றிலும் கடக்கும்போது அழுகை பெரிதாகக் கேட்டு, பிறகு தேய்ந்தது. தன் பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போன்ற தண்டனையை அவள் அதுவரை அனுபவித்ததில்லை. மனிதரோ வாயே திறக்கவில்லை. இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்றால் எத்தனை தப்பு கண்டுபிடித்திருப்பார்?

பன்னிரண்டாவது சுற்றில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. மிதித்தாள். அதிகாரியின் அட்டை கீழே விழுந்தது.

"என்ன? என்ன ஆச்சு?"

"பூனை, சார்."

பூனையை அவளே வளர்த்து ஏவிவிட்டது போல ஒரு பார்வை பார்த்தார். எழுதினார்: 'இன்னும் பயிற்சி தேவை. அடுத்த வாரம் வரவும்.'

"பிரேக்குதான் மேடம்," என்றார் வாத்தியார். "ஆளு அரண்டுட்டாரு."

அந்த வாரம் முழுக்க பிரேக். காரின் முன்பலகையில் பன்னிரண்டு பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துக்கொண்டு ஓட்டினாள். முதல் நாள் பன்னிரண்டும் வாத்தியார் மடியில். மூன்றாம் நாள் நான்கு. வாரக் கடைசியில் ஒன்றுகூட அசையவில்லை.

இரண்டாவது டெஸ்ட்டில் அதே அதிகாரி, அதே மௌனம். இருபத்து மூன்று சுற்று. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மாமியார் குழந்தையைத் தோள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, சுற்றுக் கணக்கை விரல்விட்டு எண்ணி, விரல் தீர்ந்ததும் கையை விரித்துக் காட்டினாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபோதுதான் அதிகாரி நிமிர்ந்தார்.

"நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "ம். அடுத்த வாரம் வாங்க."

"நல்லாங்கறது கிண்டல்தானே, அத்தை?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

"அந்த ஆளு உருப்படமாட்டான்," என்றாள் மாமியார், கேட்டதற்குப் பதிலாக.

வாத்தியார் தலையைச் சொறிந்து, "அப்ப கியர் சத்தமாத்தான் இருக்கும்," என்றார்.

அடுத்த வாரம் முழுக்க கியர். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு ஓட்டினாள். தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து தன் விரலை உருவுவது போல கியரை மாற்றினாள். பள்ளத்தைத் தூரத்திலேயே கண்டு ஒதுங்கினாள். சிவப்பு விளக்கில் கார் நின்றது மாமியாருக்கே தெரியவில்லை. "ஏன், எப்ப நின்னுச்சு?" என்று கேட்டாள். குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவள் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பாள். இப்போது அவளுக்கு ஒன்றாம் தேதியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு மறுநாள் ஒன்றாம் தேதி.

"எடுங்க," என்றார் அதிகாரி. அன்று அவர் உட்கார்ந்ததும் பெருமூச்சு ஒன்று விட்டார். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் காரை எடுத்தாள்.

இருபது சுற்று. முப்பது. நாற்பத்தோராவது சுற்றில் பெட்ரோல் தீர்ந்து கார் தானாக ஊர்ந்து ஓரமாக நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் எப்படி இறங்குவது? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரோட்டைப் பார்த்தபடி, நின்ற காரில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அதிகாரி நிமிர்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, அவசரமாக எழுதினார்.

'இன்னும் பயிற்சி தேவை.'

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன தப்பு சார் பண்ணினேன்? ஒன்னே ஒன்னாவது சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது... ஒன்னும்... வாங்க, அடுத்த வாரம் வாங்க," என்று முனகிவிட்டு இறங்கி, ஏறக்குறைய ஓடினார். பத்து வருடமாகத் தான் பொறுக்கி எறிந்த பிஸ்கட் எதற்கும் தானும் காரணம் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அவர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தேதிக்கு முத்திரை வாங்க ஜன்னலுக்குப் போனாள். குழந்தை அவளிடம் தாவி வந்து தோளில் முகம் புதைத்தது. பின்னாலேயே மாமியார் சண்டைக்குத் தயாராக வந்தாள்.

"நாளைக்கு இவ வேலை போகப் போகுது," என்றாள் மாமியார் ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம். "என் மருமக நிறுத்தினா நிறுத்தினதே தெரியாது. அப்படி ஓட்டறவளுக்கு மூணு தடவையும் லைசென்ஸ் இல்லைன்னா என்ன அர்த்தம்? அந்த ஆளுக்கு இவ மேல என்ன கோபம்?"

"விடுங்க அத்தை," என்றாள் மருமகள். "எனக்கு எதுவுமே வரல. ஒரு கார்கூட ஓட்ட வரல."

ஜன்னல் பெண் முத்திரையைக் குத்திவிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"கோபமெல்லாம் இல்லம்மா, அவர் வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க, பொறந்து ரெண்டு மாசம், மனுஷன் கண்ண மூடறதே உங்க வண்டியிலதான், உங்களைப் பாஸ் போட்டுட்டா அப்புறம் எங்க போய்த் தூங்குவாரு?"