மூன்று வருடம் முடித்த மாப்பிள்ளை

"மூணு வருஷம் ஓட்டிட்டா போதும்ப்பா. அப்புறம் பொண்டாட்டி விவாகரத்தே பண்ணினாலும் நம்ம கார்டை யாரும் புடுங்க முடியாது."

முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரன் யாரிடமோ சொன்னான். நான் திரும்பிய வேகத்தில் காது தப்பியது கடவுள் செயல்.

"அதுல ஒரு வருஷமாவது இங்க இத்தாலியில குடும்பம் நடத்தியிருக்கணும். கையில வேலை இருக்கணும். அவ்வளவுதான்."

என்னிடம் இரண்டுமே இருந்தன.

நானும் என் மனைவி வியோரிகாவும் மால்டோவாவில் ஒரே ஊர். அவளுடைய தாத்தா பிறந்தபோது எங்கள் ஊர் ருமேனியாவில் இருந்தது. அவர் பிறப்புச் சான்றிதழைக் காட்டி அவள் ருமேனியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டாள். என் தாத்தாவும் அங்கேதான் பிறந்தார். ஆனால் அவர் சான்றிதழை ஆடு தின்றுவிட்டது. ஆகவே அவள் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகள். நான் ஐரோப்பியக் குடிமகளின் கணவன். நான் இத்தாலியில், இந்தப் பாதுவா நகரில் வசிக்கலாம் என்று சொல்லும் கார்டுக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

வியோரிகா என்னை ஒருநாளும் மிரட்டியதில்லை. எப்போதாவது அந்தக் கார்டை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நான் உடனே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

ஞாயிறுதான் கொடுமை. மாமியார் இங்கே ஒரு கிழவருக்குத் துணையாக இருந்து பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு லீவு. அதே வேலை பார்க்கும் நான்கு தோழிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சமையல், நான்.

ஆகஸ்ட் இருபது, எங்கள் மூன்றாவது திருமண நாள், ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. ஐந்து பெண்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் நான் கர்ஜித்தேன்.

"இனிமே இந்த வீட்டுல நான் சமைக்க மாட்டேன்!"

"ஏன், அடுப்பு சுட்டுடுச்சா?" என்றாள் வியோரிகா.

"மூணு வருஷம் முடிஞ்சுது. இனி நீ விவாகரத்து பண்ணினாலும் எனக்குக் கவலையில்ல. சட்டம் என் பக்கம்!"

அவள் எழுந்து போய் எங்கள் திருமணச் சான்றிதழைக் கொண்டுவந்தாள்.

"தேதியைப் படி ராசா. சத்தமா."

"நவம்பர்... பதினாலு."

அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் திருமணத்தை முன்நின்று நடத்திய ஞானப்பெற்றோர் இத்தாலியில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. பாதிரியாரோ சொந்தக்காரர், பதிவுக் காகிதம் கேட்கவில்லை. சர்ச் கல்யாணத்தையும் விருந்தையும் ஆகஸ்டில் முடித்துவிட்டோம். அப்புறம் சோளம், திராட்சை, வால்நட் எல்லாம் அறுவடை செய்துவிட்டு, ஒரு மழைநாளில் சாவகாசமாகப் போய்ப் பதிவு செய்தோம்.

"மாப்பிள்ளை, இன்னும் எம்பத்தாறு நாள் இருக்கு," என்றார் மாமியார். மனக்கணக்கில் புலி.

"நான் நாளைக்கே வழக்குப் போடட்டுமா?" என்றாள் வியோரிகா.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேம்மா. சூப்புல உப்பு போதுமான்னு பாரு."

அந்த எண்பத்தாறு நாளும் நான் ஜன்னல்கூடத் துடைத்தேன்.

நவம்பர் பதினைந்து, காலை. காபி குடிக்க உட்கார்ந்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் விவாகரத்து விண்ணப்பம். பேனா மூடி திறந்து தயாராக இருந்தது.

"என்னது இது?"

"நேத்தோட மூணு வருஷம் ஆச்சு. இப்ப உன் கார்டுக்கு ஆபத்தில்ல."

"அதனால?"

"அதனாலதான். இத்தனை நாளா யோசிப்பேன், பாவம் பாவெல், நான் விட்டுட்டா இவனை ஊருக்கு அனுப்பிடுவாங்களே, அந்தப் பழி நமக்கெதுக்குன்னு. இனி எனக்கு அந்தக் கவலையில்ல பாரு." அவள் நிதானமாக ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "நீயே கையெழுத்துப் போடுறியா, இல்ல நான் போடட்டுமா?"

நான் பேனாவை மூடினேன். போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, வியாழக்கிழமை மத்தியானமும் உங்களுக்கு லீவுதானே? எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் சமைக்கிறேன்."