சந்தானச் செடியின் தீர்ப்பு

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குக் கறி வாங்கப் போனவர்கள்கூடச் செடியோடு திரும்பினார்கள். மாடிக்கடையில் சந்தானச் சித்தர் எழுந்தருளியிருந்தார். வரிசை படியிறங்கித் தெருவரை நீண்டது.

புல்போல இலைவிடும் சாதாரண சிலந்திச் செடிதான். சித்தர் வாயில் அது சந்தானச் செடி. வரப்போகும் மருமகளின் நட்சத்திரத்தைச் சொல்லித் தொட்டியை வாங்க வேண்டும். கண் படாமல் இருட்டில் வளர்க்க வேண்டும். கொடி விட்டுக் குட்டிச்செடி தொங்கினால், பெண்ணுக்குப் பிள்ளை பாக்கியம் உண்டு. தொங்காவிட்டால் பரிகாரம். செடி சித்தரிடமே தங்கி, குட்டிகளோடு திரும்பும். ஞானம் இப்படித் தொட்டியில் கிடைக்க, டாக்டர் எதற்கு?

செம்பவாங் வட்டாரத்து மனோரஞ்சிதம் தன் தொட்டியை, குண்டு விழுந்தால் பதுங்குவதற்காக வீட்டுக்குள் கட்டியிருந்த, ஜன்னலே இல்லாத பாம் ஷெல்டர் அறையில் பூட்டினார். "செடி குட்டி விட்டாத்தான் கல்யாணம்," என்று மகன் கீதனிடம் சொல்லிவிட்டார்.

கீதனைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த சிவதர்ஷினிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் காதலுக்கு ஒரு புல் தீர்ப்புச் சொல்வதா? கீதன் மூலம் அந்தச் செடியில் பாதியை வேரோடு பிரித்து வாங்கி, பூன் லே வட்டாரத்தில் இருந்த தன் வீட்டு ஜன்னலோரம் வைத்தாள். அளவாகத் தண்ணீர் ஊற்றினாள். பொங்கலுக்குள் கொடிகள் குட்டிகளோடு தொங்கின. பாம் ஷெல்டர் செடியோ வெளுத்துப்போனது.

வெளுத்த செடியோடு மனோரஞ்சிதம் சித்தரிடம் பரிகாரத்துக்கு வந்த அன்று, சிவதர்ஷினியும் தன் தொட்டியோடு வந்து நின்றாள்.

"என்ன நட்சத்திரம்?" என்றார் சித்தர்.

"அவிட்டம், சாமி," என்றாள் சிவதர்ஷினி.

"ஆகா! மூணு பிள்ளை. மூத்தது ஆண்!"

"ஐயோ, அது ஏரம்பமூர்த்தி மாமா நட்சத்திரம் லா! ஆன்டியோட அண்ணன். போன வருஷம்தான் எழுபது முடிஞ்சது."

வரிசை வாய்விட்டுச் சிரித்தது. மனோரஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை.

"செடி மாறிப்போச்சு," என்று சித்தர் முனகினார்.

"மாறல. ஆன்டி கையில இருக்கிறதும் இதுவும் ஒரே செடி. அது இருட்டுல இருந்துச்சு, இது வெளிச்சத்துல இருந்துச்சு. நீங்க பரிகாரச் செடிய எங்க வைக்கிறீங்க, சாமி?"

சித்தர் எழுவதற்குள் மனோரஞ்சிதம் அவருக்குப் பின்னால் இருந்த திரையை இழுத்தார். பெரிய ஜன்னல். வெளிச்சத்தில் வரிசையாகப் பரிகாரத் தொட்டிகள். எல்லாவற்றிலும் குட்டிகள்.

"இதுக்கா என் மருமகள காக்க வச்சேன்?" என்றவர் கீதனுக்கு போன் போட்டார். "டேய், உடனே ஹால் புக் பண்ணு."

"நல்ல நாள் பார்க்க வேணாமா, ஆன்டி?"

"ஹால் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள்!"

வரிசையில் பாதிப்பேர் கலைந்தார்கள். மீதிப்பேர் டோக்கன் வீணாகுமே என்று அங்கேயே நின்றார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: மருமகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். புல்லிடம் கேட்டால், புல்லுக்குச் சொந்தக்காரன்தான் பதில் சொல்வான்.