சங்கண்ணன் பேசாமல் இருந்த காலை

சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும், ரகசியம் பேசவே வராத மனிதர் என்று ஒருவரைத்தான் என்னால் காட்ட முடியும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று "ஏத்து", "எறக்கு", "நிறுத்து" என்று கத்துவது அவருடைய வேலை. மழையோ காற்றோ, மேலே கூண்டுக்குள் இருக்கும் டிரைவருக்கு அவர் சொன்னது கேட்டுவிடும். அடுத்த கப்பலின் கிரேன்கூடச் சில நாள் இவர் பேச்சைக் கேட்டுச் சரக்கை இறக்கிவிட்டது என்பார்கள். அதனால் சங்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். எனக்கு அவர் கடைசிவரை சங்கண்ணன்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு அருகே ஒரு கடைவீட்டு மாடிக்குப் போவேன். அங்கே பார்வை இல்லாத ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் பிரம்பு நாற்காலி பின்னிக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன், ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

ஒரு நாள் பிரம்புக்கட்டு ஏற்றிய லாரி வந்தது. எதிர்வீட்டில் இருந்த சங்கண்ணன், யாரும் கேட்காமலே ஒரு கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறினார். இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றார்.

இரண்டு பேர் கையிலிருந்த கத்தியை நழுவவிட்டார்கள். கீழே கடையில் யாரோ "சாப்பிட்டாச்சுலா" என்று பதில் சொன்னார்கள்.

மூலையிலிருந்த முத்தையா தலையை உயர்த்தினார். இருபது வயதில் காய்ச்சலில் பார்வையை இழந்தவர், அப்போது முப்பதைத் தாண்டியிருந்தார். "அண்ணே, எங்களுக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க வர்ற வரைக்கும்."

"தெரியும் தம்பி. அதான் மெதுவாப் பேசறேன்."

அடுத்த சனிக்கிழமை பிரம்பு வரவில்லை. சங்கண்ணன் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்.

என்னைப் போன்ற தொண்டர்களுக்கு அந்த மாடியில் நுழைந்ததுமே குரல் குழைந்துவிடும். "பாத்து, பாத்து" என்போம். ‘தாம்’ என்கிற கட்டப் பலகை ஆட்டத்தில் முத்தையா காயைத் திருட்டுத்தனமாக நகர்த்தினால் கவனிக்காதது போல இருப்போம். சங்கண்ணன் மட்டும் பலகையைக் கவிழ்த்துவிட்டுச் சண்டைக்கு நிற்பார்.

"விடுங்கண்ணே, பாவம்" என்றேன் ஒரு முறை.

"என்னம்மா பாவம்? கண்ணு தெரியாதவன் களவாணித்தனம் பண்ண மாட்டான்னு உனக்கு எவன் சொன்னான்?"

முத்தையாவின் முகத்தில் அன்று வந்த பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எல்லாரையும் கத்தோங் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கிளம்பியதும் அவர்தான். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக நடக்க ஏற்பாடு. முன்னால் சங்கண்ணன், கடைசியில் நான். வழியில் புட்டுமாயம் என்கிற இடியாப்பம் விற்கிறவரைப் பார்த்ததும் சங்கண்ணன் பாதை மாறிவிட்டார். பன்னிரண்டு பேரும் அவர் பின்னாலேயே வளைந்து போய் அந்த மனிதரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டார்கள். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். ஒருவழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"கடல் எப்படிண்ணே இருக்கு?" என்று ஓர் அக்கா ஆசையாகக் கேட்டார்.

சங்கண்ணன் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "தண்ணி. நெறைய" என்றார்.

பந்தாட்டம் வேறு கதை. ஜாலான் புசார் மைதானத்தில் நேரடி வர்ணனை செய்கிறேன் என்று ஐந்து பேரைக் கூட்டிப்போனார். அவருக்குப் பிடித்த குழுவை எந்தப் பந்தும் தோற்கடிக்க முடியாது. எதிர்க்குழு கோல் போட்டுக் கூட்டம் ஆர்ப்பரித்தால், "ஒண்ணுமில்ல, ஒரு நாய் உள்ள ஓடிருச்சு" என்பார். அன்று மூன்று முறை நாய் ஓடியது. திரும்பும்போது முத்தையா, "அண்ணே, நாய் மூணுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சிருச்சு போல" என்றார். சங்கண்ணன் வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை.

இந்த முத்தையாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்த எண்ணையும் ஒரு முறை கேட்டால் மறக்க மாட்டார், எந்தக் குரலையும் ஒரு முறை கேட்டால் தவறவிட மாட்டார். எங்கள் ஆபீசில் டெலிபோன் போர்டில் இருந்த பெண் கல்யாணமாகிக் கிளந்தானுக்குப் போனபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அது பழைய போர்டு. அழைப்பு வந்தால் ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். எந்தத் தகடு என்று விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். ஒரு சனிக்கிழமை முத்தையாவை உட்கார்த்தி வைத்தேன். அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார்.

எங்கள் பெரிய கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"வேலை குடுக்கேலாது எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. ஒவ்வொரு நாளும் ஆர் இவரைக் கூட்டிக்கொண்டு வாறது? அந்த ஆள் ஒருநாள் வராட்டி போர்டில ஆர் இருக்கிறது?"

"நான் கூட்டியாறேன் சார்" என்றார் வாசலில் நின்ற சங்கண்ணன். மேசைமேல் இருந்த காகிதங்கள் லேசாக ஆடியதாக எனக்கு ஞாபகம்.

பெரிய கிளார்க் காதைத் தேய்த்துக்கொண்டார். "அதுதான் வேண்டாம். திங்கக்கிழமை இவர் தனிய வரட்டும். ஒன்பது மணிக்கு முன்னம். ஆரும் கையைப் பிடிச்சுக்கொண்டு வரக்கூடாது."

முத்தையா சரி என்றார். அவருடைய குரல் அன்று கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பிரம்பு பின்னி வரும் காசில் தங்கை வீட்டு மூலையில் இருந்தவர் அவர். இது போனால் இன்னொரு வேலை வரப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முத்தையாவோடு போகமாட்டேன் என்று சங்கண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவரும் செய்தார். பின்னால் போகமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கள் காலை பஸ்ஸில் நடந்ததை முத்தையா ஒரு விதமாகவும் சங்கண்ணன் வேறு விதமாகவும் சொன்னார்கள். இரண்டிலும் இருந்ததை மட்டும் எழுதுகிறேன். சங்கண்ணன் துறைமுகத்துக்கு லீவு போட்டார். சத்தம் போடும் என்று செருப்பைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். வாசனை காட்டிக் கொடுக்கும் என்று தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. முத்தையாவுக்கு இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் தேக்கா மார்க்கெட் ஆட்டுக்கறிக் கடைக் காதர் பாய் ஏறினார். "என்ன சங்கண்ணே, இன்னைக்கு வேலை இல்லையா?"

சங்கண்ணன் உதட்டில் விரலை வைத்தார்.

"என்னண்ணே, பேச முடியலையா? தொண்டை போச்சா?" பாய் பதறிப்போனார். சங்கண்ணனுக்குக் குரல் போய்விட்டது என்ற செய்தி பஸ் முழுக்கப் பரவியது. ஓர் அம்மா மிளகும் தேனும் என்றார். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு இங்கேயே இறங்க வேண்டும் என்று மணியையே அடித்துவிட்டார். சங்கண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போது முன்னால் இருந்த முத்தையா, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "குரல் போச்சா? பாவம். இனிமே தாம் ஆட்டத்துல அவரை யாரும் ஏமாத்தலாம். கேக்க ஆளில்ல."

சங்கண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

ராபிள்ஸ் பிளேஸில் முத்தையா இறங்கினார். வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டே சாலையைக் கடந்து எங்கள் சந்துக்குள் திரும்பினார். ஆபீஸ் வாசல் இன்னும் ஐம்பது அடி. பின்னால் வந்த சங்கண்ணன் முத்தையாவின் காலைப் பார்த்தே நடந்தார், தன் காலைப் பார்க்கவில்லை. சந்தோரத்து லோங்காங் வாய்க்காலுக்குள் இடுப்பளவு சாக்கடையில் போய் நின்றார்.

"ஐயோ" என்றார்.

அந்த 'ஐயோ' மூன்றாவது மாடியில் எனக்குக் கேட்டது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். மணி ஒன்பதாக இரண்டு நிமிடம். முத்தையா அசையாமல் நின்றார். வாசல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். போய்விடுங்கள், போய்விடுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் திரும்பி, கம்பைத் தட்டிக்கொண்டே லோங்காங் ஓரத்துக்கு நடந்தார்.

ஒன்பது பத்துக்கு இருவரும் ஆபீசுக்குள் வந்தார்கள். சங்கண்ணன் நொண்டிக்கொண்டு, கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட. முத்தையா அவருடைய கையைப் பிடித்திருந்தார்.

பெரிய கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரும் கையைப் பிடிச்சுக்கொண்டு வரக்கூடாது எண்டு சொன்னனான்."

"கையைப் புடிச்சது நான், சார்" என்றார் முத்தையா. "வழி பாத்து வரத் தெரியாதவரு இவருதான்."

"பத்து நிமிசம் பிந்தினது?"

"நாளைக்கு இவரை வீட்டுலயே விட்டுட்டு வர்றேன்."

பெரிய கிளார்க் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "முதல் போய்க் கையைக் கழுவும். போர்டு ஊத்தையாப் போகும்."

சங்கண்ணன் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணுக்குக் கீழே மட்டும் ஈரத்தில் சேறு கரைந்து, கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

முத்தையா அந்தப் போர்டில் வெகுகாலம் இருந்தார். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்திலிருந்து ஓர் அழைப்பு வரும். "சாப்பிட்டியா?" என்ற கேள்வி, காதுக் குழாயைத் தாண்டி ஆபீஸ் முழுக்கக் கேட்கும். "ராங் நம்பர்" என்று முத்தையா வைத்துவிடுவார். அழைப்பு தாமதமான நாட்களில் அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். நானும் பிரித்ததில்லை.