வாயில் தளிர் வைத்த பன்றியும் பல்லைக் காட்டிய நானும்

கேமராவைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. யாராவது போனைத் தூக்கினால் போதும், என் உதடுகள் தாமாகவே இரண்டு காதுகளையும் தொட்டுவிடும். பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு அம்மா அதட்டி அதட்டித்தான் என் வாயை மூட வைத்தார். இந்தப் பழக்கத்தால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது. நடுவில் ஒரு காட்டுப்பன்றியும் மாட்டிக்கொண்டது.

ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் ஒரு கம்பெனியில் கியர்பாக்ஸ் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அந்த வருஷம் எனக்கு மலர்விழியைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் நிச்சயதார்த்தம். மலர்விழி கால்நடை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வோம்.

"இன்னிக்கு ஒரு எருமைக்கு கன்னு உள்ளேயே திரும்பிக்கிச்சு. தோள் வரைக்கும் கையை விட்டுத்தான் எடுத்தேன். நீங்க என்ன பண்ணீங்க?"

"எனக்கு... ஒரு மீட்டிங் இருந்துச்சுங்க."

இதற்கு மேல் என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருந்ததில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் குரலைக் கேட்பதற்காகவே திங்கட்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன். ஆனால் அந்தக் கைக்கு இந்தக் கீபோர்டு கை ஈடாகுமா என்று உள்ளுக்குள் ஒரு உதறல். நானும் ஏதாவது வீரச்செயல் செய்து காட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். (புத்தி அப்படி!)

வழி செய்து கொடுத்தவர் என் வீட்டு ஓனர் ஹெர் பெக்கர். (ஹெர் என்றால் திரு.) கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர், லைசென்ஸ் வைத்திருக்கும் வேட்டைக்காரர். பன்றிகள் பெருகி வயல்களை நாசம் செய்வதால் நவம்பரில் பக்கத்து ஐஃபெல் மலைக்காட்டில் கூட்டு வேட்டை நடக்கும். "புதரிலிருந்து பன்றிகளைக் கிளப்பிவிட ஆள் வேண்டும், வருகிறாயா? முடிவில் நல்ல சூப் உண்டு" என்று கேட்டார். உடனே சரி என்றேன். எனக்குச் சூப் முக்கியமில்லை, போட்டோதான் முக்கியம்.

கிளப்பிவிடுகிறவர்களுக்குத் துப்பாக்கி கிடையாது. ஆரஞ்சு நிறச் சட்டையும் ஒரு கம்பும் கொடுத்தார்கள். வரிசையாக நடந்து "ஹோப்! ஹோப்!" என்று கத்த வேண்டும். நான் கத்திய மூன்றாவது ஹோப்புக்கே முன்னால் இருந்த புதர் உறுமியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, வேட்டைக்காரர்கள் உட்காரும் பரண் ஒன்றின் மேல் நான் நின்றுகொண்டிருந்ததுதான். ஏணியில் ஏறினேனா, பறந்தேனா என்று இன்றுவரை தெரியாது. எங்கோ தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததென்று ஊதுகொம்பு ஒலித்த பிறகுதான் இறங்கினேன்.

மதியத்துக்கு மேல் காட்டுக்கு நடுவே ஒரு திறந்தவெளியில் எல்லோரும் கூடினார்கள். தழைகளைப் பரப்பி அவற்றின் மேல் பன்றிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஹெர் பெக்கர் சின்னச் சின்னத் தளிர்களாக ஒடித்து ஒவ்வொரு பன்றியின் வாயிலும் வைத்தார். அது அவர்கள் வழக்கம். அந்த விலங்கு வாழ்ந்த காட்டிலிருந்து அதற்குத் தரும் கடைசி வாய் உணவாம். வேட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். எழவு வீட்டு வாசலில் நம்மவர்கள் நிற்பார்களே, அப்படி.

நான் மட்டும் வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியில் ஒருவரைக் கேட்காமல் படம் எடுப்பது பெரிய குற்றம். அதில் நான் ரொம்பக் கறார். பின்னால் தெரியப்போகும் ஒவ்வொருவரிடமும் போய், "படத்தில் நீங்கள் விழுந்தால் பரவாயில்லையா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்கினேன். என்னோடு கம்பு பிடித்த மாணவர் ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். பிறகு இருப்பதிலேயே பெரிய பன்றியைத் தேர்ந்தெடுத்து, அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். கம்பைக் கோட்டுக்குள் செருகி முனை மட்டும் தோளுக்கு மேல் தெரியும்படி வைத்தேன். (உற்றுப் பார்க்காதவர்களுக்கு அது துப்பாக்கி.) உதடுகள் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

விலங்குகளுக்கு மரியாதையாக ஊதுகொம்பு வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கிடத்திய விலங்கைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. நான் அதற்குள், "முதல் வேட்டை! காட்டு ராஜா! ஒரே தோட்டா!" என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் க்ரூப்பில் படத்தைப் போட்டுவிட்டேன். (ஒரே தோட்டா என்பது உண்மைதான். யாருடைய தோட்டா என்பதை மட்டும் எழுதவில்லை.)

ஹெர் பெக்கர் பக்கத்தில் வந்தார். கோபப்படவில்லை. பன்றியைக் காட்டி, "எல்லோரிடமும் சம்மதம் கேட்டாய். அதனிடம் கேட்டாயா?" என்றார். ஏதோ ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து அதற்கும் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களே விளையாட்டுக்கு ஒரு கோர்ட் கூட்டினார்கள். தாண்டிய குற்றத்துக்கு, எல்லோருடைய சூப் தட்டுகளையும் நான் கழுவ வேண்டும் என்று தீர்ப்பு. கை முழுக்க நுரை. பாக்கெட்டில் போன் விடாமல் உதறிக்கொண்டிருந்தது. பின்னால் அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. "படம் போட்டால் என்ன தப்பு? இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று ஜனங்கள் பார்க்கட்டுமே" என்றார் ஒரு இளைஞர். "தாராளமாகப் பார்க்கட்டும். அதன் பக்கத்தில் நாம் இளிப்பதை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்றார் ஹெர் பெக்கர். நான் தட்டை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

கையைத் துடைத்துப் போனை எடுத்தபோது ஊரில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். எல்லோர் கையிலும் போன். "அப்பா மலைக்கு மாலை போட்டிருக்கார்டா, இந்த மாசம்தானா உனக்குக் கெடச்சுது?" என்று அம்மா. தங்கராசு மாமா, அம்மாவின் தம்பி, படத்தைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, "எங்க மருமகன் வேட்டைக்காரன்" என்று எழுதிப் பெண் வீட்டாருக்கும் அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் கீழே மலர்விழியின் ஒரே ஒரு வரி: "ஃப்ரீ ஆனதும் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன்.

"அது எப்ப சுட்டது?" என்றார்.

"இப்பத்தாங்க, கொஞ்சம் முன்னாடி."

"இப்பச் சுட்டதுக்கு எப்படிங்க காலெல்லாம் வெறச்சுப்போச்சு? வயித்தக் கிழிச்சு சுத்தம்கூடப் பண்ணியிருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் படத்தைத் திறந்தேன்.

"அப்புறம், அது ராஜா இல்ல. பொட்டப் பன்னி. உங்க துப்பாக்கில இலை வேற முளைச்சிருக்கு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பின் நுனியில் ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது வாயில தழை வெச்சது யாரு?"

"வீட்டு ஓனர். கடைசியா ஒரு வாய் குடுக்கிற மாதிரின்னு சொன்னார்."

"நல்ல மனுஷன்" என்றார். "சுட்டதுல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க வீட்லயும் கறி திங்கிறோம். தினம் ரெண்டு உசுராவது என் கையிலேயே போகுது. ஒரு தடவைகூட அது பக்கத்துல நின்னு எனக்குச் சிரிப்பு வந்ததில்ல. இந்தப் படத்துல சிரிக்கிறவரை எனக்குத் தெரியலங்க. அவரைக் கட்டிக்கிறதான்னு யோசிக்கிறேன்."

மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? பரண் ஏறியது முதல் தட்டுக் கழுவியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை, அதனால்தான் இப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன்.

பரண் ஏறியதைச் சொன்ன இடத்தில் அந்தப் பக்கம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "இதையே க்ரூப்ல எழுதுங்க. அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

எழுதினேன். "நான் சுடவில்லை. பன்றி வந்தபோது பரண் மேல் இருந்தேன். கையில் இருப்பது கம்பு. சிரித்தது தப்பு." அனுப்பிய வேகத்தில் மாமாவின் பதில் வந்தது: "மருமகன் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. யாரும் நம்ப வேண்டாம்."

மலர்விழி நம்பினார். அதனால்தான் தையில் நிச்சயம் நடந்தது. மேடையில் போட்டோகிராபர் "சார், ஸ்மைல்" என்று சொல்ல, "பாத்து, யாராவது செத்துக்கித்துக் கெடக்காங்களான்னு பாத்துட்டுச் சிரிங்க" என்று என் காதோரம் மலர்விழியின் குரல் வந்தது. என் ஆல்பத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே படம் அதுதான்.

கல்யாணம் முடிந்து இப்போது அவரும் ஆஹெனில்தான் இருக்கிறார். ஹெர் பெக்கருக்கும் அவருக்கும் ஒரே ஒட்டு. நவம்பர் வந்தால் இரண்டு பேரும் காட்டுக்குப் போகிறார்கள். நான் வீட்டில் சூப் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குவது என் வழக்கம். விழித்தால் வாயில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து இருக்கும். போனைப் பார்த்தால் டைமர் வைத்து எடுத்த படம் ஏற்கெனவே குடும்ப க்ரூப்புக்குப் போயிருக்கும். தழை வைத்த வாயோடு நான் கிடக்க, பக்கத்தில் மலர்விழியும் ஹெர் பெக்கரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்பார்கள்.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஒருத்தரைப் படம் எடுத்துப் போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட சம்மதம் கேக்க வேணாமா?"

"நீங்க கேட்டீங்களா?" என்றார் மலர்விழி.