மைசூர் போக ஒரு முன்கண்ணாடி

பாசிப்பயறு அளவுதான் இருந்தது அந்த விரிசல். முன்கண்ணாடியின் இடது ஓரத்தில், கீழே. ஆனால் அதைப் பார்த்ததும் பீமாராவுக்கு வந்த கோபத்தை அந்த வண்டிக்குள் ஏற்றியிருந்தால் டயர் வெடித்திருக்கும்.

"எவன் எறிஞ்சான்? எனக்கு இப்பத் தெரியணும்."

நாகமலை புதுக்கோட்டையில் அந்தத் தெருவில் காலை ஆறரை மணிக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. பால்காரர் மட்டும் சைக்கிளை நிறுத்தாமலே, "லாரி போகையில ஜல்லி தெறிச்சிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நின்று சொன்னால் சந்தேகம் தன் மேல் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும்.

அது நாற்பது வயதைத் தாண்டிய ஜெர்மன் வண்டி. உள்ளே படுக்கைகள், மடக்கு மேசை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு பர்னர் அடுப்பு. கொடைக்கானலில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழிகள் குடியிருந்த அதை பீமாராவ் பேசி வாங்கி வந்து, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குள் கொட்டி ஓட வைத்திருந்தார். வங்கியில் உதவி மேலாளர் வேலை போக மீதி நேரமெல்லாம் வண்டிதான். ரத்ததான வண்டி என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களையும் விடாமல் உள்ளே கூட்டிப்போய் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டித்தான் அனுப்பினார்.

இன்னும் நான்கு நாளில் ஆயுத பூசை விடுமுறை. மைசூர் பயணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மனைவி சரண்யாதேவியை அவர் அழகர்கோவிலைத் தாண்டிக் கூட்டிப்போனதில்லை. இந்தத் தடவை கூட்டிப்போகிறேன் என்று வங்கியில் கடைசிக் காசாளர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. போகாமல் திரும்ப வேலைக்குப் போனால் என்ன முகத்தோடு போவது?

சரண்யாதேவி காபியோடு வெளியே வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் பதறாமல் கேட்பவள்.

"ஏங்க, பேசாம பஸ்ஸுல போயிருவமா? அங்க ஒரு ரூம் போட்டா…"

"ரூமா? வீட்டையே கூட்டிட்டுப் போறோம், ரூம் எதுக்கு? அடுப்பு, சிங்க்கு, மசாலா டப்பா வைக்க இடம், அம்புட்டும் உனக்குன்னு பாத்துப் பாத்து வச்சிருக்கேன். அரண்மனையப் பாத்துக்கிட்டே தோசை ஊத்தலாம். எந்தப் பொம்பளைக்குக் கிடைக்கும் இது?"

"எத்தனை பேருக்கு ஊத்தணும்?"

"நாம ரெண்டு பேரு. ஒச்சம்மா அக்கா வீட்ல நாலு பேரு. ஆறே ஆறு பேருதான்."

சரண்யாதேவி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பப் போனாள்.

பீமாராவ் போனை எடுத்தார். மதுரையில் உள்ள கண்ணாடிக் கம்பெனிகளுக்கெல்லாம் வரிசையாக அடித்தார். ஒரு இடத்தில் ஒரு பெண், "மாடல் எந்த வருசம் சார்?" என்று கேட்டாள். "எண்பத்து மூணு" என்றார். "அந்தக் கண்ணாடி மியூசியத்துலதான் சார் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பீமாராவ் வைத்த போனிடம் பத்து நிமிடம் சண்டை போட்டார். வாடிக்கையாளருக்கு மரியாதை தெரியாத நாடு எப்படி உருப்படும் என்பது அந்தச் சண்டையின் சாரம்.

சாயங்காலம் வரைக்கும் அவர் புலம்பல் ஓயவில்லை. சரண்யாதேவிதான் கடைசியில் இரக்கப்பட்டாள்.

"எங்க கொட்டாம்பட்டி பேயாண்டி பழங்காநத்தத்துல கண்ணாடிக் கடைதான வச்சிருக்கான். எனக்குத் தம்பி முறை. சொன்னா வந்துருவான்."

பேயாண்டி மறுநாளே வந்தான். விரிசலைத் தடவிப் பார்த்தான்.

"இது ஒண்ணுமே இல்ல மச்சான். பசைய ஏத்தி, மதியம் வரைக்கும் வெயில்ல விட்டு, ஒரு குடம் பச்சத் தண்ணிய ஊத்துனா இறுகிரும்."

"வெயில்ல காஞ்ச கண்ணாடியில தண்ணி ஊத்தலாமா மாப்ள?"

"பதினெட்டு வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன் மச்சான்."

ஊற்றினான். 'டிக்' என்று ஒரு சத்தம். பாசிப்பயறிலிருந்து புறப்பட்ட கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போய் நின்றது. பேயாண்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "பழைய கண்ணாடிக்கு வீம்பு சாஸ்தி" என்றான்.

பீமாராவ் அன்றைக்குக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. ஆயுத பூசை போயிற்று. சரண்யாதேவி, "பரவால்லங்க, தீபாவளிக்குப் போய்க்கலாம்" என்று ஆறுதல் சொன்னாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று அவர் உருகிப்போனார்.

சென்னையில் ஒரு பட்டறை, பழைய கண்ணாடியை அனுப்பினால் அதே வளைவில் புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னது. விரிசல் விட்டதை முழுசாகக் கழற்ற வேண்டும். ரப்பரை அறுத்து, பேயாண்டி ஒரு பக்கமும் பீமாராவ் ஒரு பக்கமும் பிடித்திருந்தபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பேங்க்ல இருந்து போனு. ஏதோ அவசரமாம்."

"நீங்க போயிட்டு வாங்க மச்சான், நான் ஒத்தக்கைல தாங்கிக்கிருவேன்" என்றான் பேயாண்டி.

போன் அதற்குள் கட்டாகியிருந்தது. திரும்பி வந்தபோது கண்ணாடி வாசலில் இரண்டாக மடிந்து கிடந்தது. பேயாண்டி கையை உதறிக்கொண்டு நின்றான்.

"ஒத்தக்கைல தாங்குவேன்னு சொன்னியேய்யா."

"தாங்குனேன் மச்சான். கையிதான் தாங்கல."

சரி, ஓட்டையின் அளவையாவது எடுப்போம் என்று செய்தித்தாள்களை ஒட்டி வெட்டி, பேயாண்டியே சென்னைக்கு அனுப்பினான். பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தது.

"அன்னைக்குத் தூறல் போட்டுச்சுல்ல, பேப்பரு ஊறிருச்சு போல."

"பேப்பரு ஊறுமாடா? அது என்ன உளுந்தா?"

சரண்யாதேவியும் சேர்ந்து பேயாண்டியைத் திட்டினாள். தனக்காக அவள் கோபப்பட்டதைப் பார்த்து பீமாராவுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. தீபாவளி வீட்டிலேயே கழிந்தது.

அடுத்த கண்ணாடிக்கு பீமாராவே லீவு போட்டு, மரச்சட்டத்தில் அளவு செய்து, சென்னைக்கே தூக்கிக்கொண்டு போனார். பொங்கலுக்கு முந்தின வாரம் அது வந்து, பேயாண்டி பொருத்தியபோது, நூல் பிசகாமல் உட்கார்ந்தது. பீமாராவ் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார்.

பேயாண்டி மட்டும் தலையைச் சொறிந்தான். "இத்தனை தடவ தடங்கலாச்சே மச்சான். ஊர்க் கண்ணு பட்டிருக்கு. ஒரு தேங்காயச் சுத்தி உடைச்சிருவமே."

"கண்ணாவது மண்ணாவது. எங்கப்பா எனக்குப் பீமாராவுன்னு பேரு வச்சது தேங்கா சுத்துறதுக்கா?"

"எனக்காக ஒரே ஒரு தேங்காங்க" என்றாள் சரண்யாதேவி. "இருபத்திரண்டு வருசத்துல உங்ககிட்ட நான் என்ன கேட்டிருக்கேன்?"

அந்த வார்த்தை அவரைச் சாய்த்துவிட்டது. பேயாண்டி தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, முழு பலத்தோடு ஓங்கினான். தரையில் விழ வேண்டியது பம்பரில் விழுந்தது. பாதி மூடி சாக்கடைக்குப் போனது. மீதிப் பாதி நேரே மேலே வந்து, புதுக்கண்ணாடியின் நட்டநடுவில் சிலந்தி வலை பின்னிவிட்டு உருண்டது.

தெருவே கூடிவிட்டது. பீமாராவ் பேயாண்டி பக்கம் திரும்பினார்.

"இருவது வருசமா மேடை ஏறி மூடநம்பிக்கைய எதுத்துப் பேசுறவன் நான். என் வண்டிய ஒரு தேங்கா உடைச்சிருச்சுன்னு வெளிய சொல்ல முடியுமாய்யா? பகுத்தறிவுச் சங்கத்துல கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஜல்லி தெறிச்சதுன்னு சொல்லிருங்க சார்" என்றார் பால்காரர்.

பொங்கலும் போனது. வங்கியில் அவரைப் பார்த்தால் "மைசூர் எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பியூன் கேட்டார். டெபாசிட் போட வந்த பாட்டிகூடக் கேட்டாள். பீமாராவுக்கு இப்போது மைசூர் பார்க்கும் ஆசை போய்விட்டது. மைசூரை ஜெயிக்க வேண்டும் என்ற வெறிதான் இருந்தது.

மே மாதம் பள்ளி விடுமுறை. நான்காவது கண்ணாடி வந்தது. பீமாராவ் இரண்டு நாள் லீவு போட்டார். வீட்டில் இருந்த தேங்காய், எலுமிச்சை, பூசணிக்காய் எல்லாவற்றையும் மூட்டை கட்டி எதிர்வீட்டில் கொடுத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியின் மூக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, போனு" என்றாள் சரண்யாதேவி.

"அடிச்சு ஓயட்டும்."

"டீ ஆறுது."

"ஆறட்டும்."

"உள்ள குழாய் ஒழுகுதுங்க."

"ஒழுகட்டும்."

சாப்பாட்டையும் நாற்காலியிலேயே சாப்பிட்டார். பேயாண்டிக்கு வியர்த்து ஊற்றியது. அடிக்கடி வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "இங்க பாரு மாப்ள, கைல பாரு" என்று பீமாராவ் அதட்டினார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசி ரப்பரும் உள்ளே போனது. கண்ணாடி முழுசாக, கீறல் இல்லாமல், உட்கார்ந்தது. பேயாண்டி துக்க வீட்டிலிருந்து போகிறவன் மாதிரி, "வாரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா ஒச்சம்மாளுக்கு உடனே போன் போனது. பேசி முடித்து பீமாராவ் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சரண்யா, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புறோம். அக்கா மாமனாரு மாமியாரும் வாராகளாம். எட்டுப் பேரு. இட்லிச் சட்டி பெருச எடுத்துக்க."

சரண்யாதேவி எட்டுப் பேருக்கு அரிசி அளந்து ஊறப்போட்டாள். புளியோதரைக்குப் புளியை எடுத்து வைத்தாள். அப்புறம் குளிக்கப் போனாள். கதவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சாத்திக்கொண்டது.

பீமாராவ் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். ஏழு மாதக் கோபம் வடிந்த இடத்தில் ஒரு குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்தது. பாவம், பேயாண்டி. எத்தனை பேச்சு பேசியிருக்கிறோம். முறைக்காரன் என்பதால்தானே அத்தனையும் கேட்டுக்கொண்டு, கூப்பிட்ட நேரமெல்லாம் வந்தான். வேறு ஒருவனாக இருந்தால் பாதியில் போட்டுவிட்டுப் போயிருப்பான். ஊருக்குப் போகும் முன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் சரண்யாதேவியின் போன் அடித்தது. திரையில் 'பேயாண்டி தம்பி' என்றிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று பீமாராவ் எடுத்துக் காதில் வைத்தார். மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று அவர் தொண்டையைச் சரிசெய்வதற்குள், அந்தப் பக்கம் பேயாண்டி முந்திக்கொண்டான்.

"அக்கா, மன்னிச்சுக்கக்கா. மச்சான் சேரப் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு, இந்தத் தடவ உடைக்க முடியல."