சக்கர நாற்காலியில் ஒரு சூப்பர்வைசர்

பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற சூப்பர்வைசரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. போகும்போது சாதாரண மனுஷியாகத்தான் போவாள். வரும்போது கழுத்தில் அடையாள அட்டை, கையில் இலவசப் பை, யாரையாவது முன்னேற்றியே தீருவேன் என்று கண்ணில் ஒரு வெறி. நானும் அந்தக் கோலத்தில்தான் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்து இறங்கினேன்.

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் இருக்கிற ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்போது எனக்கு வேலை. பக்கவாதம் வந்தவர்கள், பிறவியிலேயே கைகால் வராதவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களை ஊழியர்கள் கவனிப்பார்கள், ஊழியர்களை நான் கவனிக்க வேண்டும். (கவனிக்கிறவர்களைக் கவனிப்பவளுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.)

'ஒரு நாள் நீங்களே அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள்' என்று வகுப்பில் சொன்னார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் ஊழியர்களைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு வலது கையும் காலும் வராது, பேச்சும் வராது, மற்றவர்களை எப்படிப் பார்ப்பீர்களோ அப்படியே என்னையும் பாருங்கள், யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டேன்.

ஊழியர்களில் மூத்தவர் மல்லிகா அக்கா. முகத்தில் சிரிப்பே வராது. "பாதியில வேணாம்னு எழுந்துக்கினா இன்னா மேடம் பண்றது?" என்று கேட்டார்.

"பூகம்பமே வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். (சுரங்கத்துக்குள் பாறை வெடித்துத் தரை குலுங்கின ஊரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?)

அதே நாள் சாயங்காலம் இன்னொரு சீர்திருத்தத்துக்கும் நாள் குறித்திருந்தேன். பாக்கியத்தின் கட்டிலை உள் அறைக்கு மாற்றுவது. பாக்கியத்துக்கு நாற்பது வயதுக்கு மேல். பிறந்ததிலிருந்தே கைகால் சொன்னபடி கேட்காது. பேசுவார், ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். அவர் கட்டில் ஜன்னல் ஓரம். வெளியே ரோடும் ஆட்டோ ஸ்டாண்டும், அதற்குப் பின்னால் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைடு மேடும் தெரியும். காற்றுக் காலத்தில் அந்த மேட்டுத் தூசி நேரே உள்ளே வரும், நெஞ்சுக்குக் கெடுதல் என்று முடிவு செய்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாக்கியம் ஆரம்பித்தார். "எனக்கு... அங்க..."

"அங்கே தூசி வராது, காத்துத் தொந்தரவு இல்லாம நிம்மதியா தூங்கலாம், அதானே?" என்று நானே முடித்து வைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷமாகப் போய் உள் அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே மல்லிகா அக்கா என் தலையில் தண்ணீரை ஊற்றினார். எல்லோரும் விடிவதற்குள் குளித்திருக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். கோலார் குளிரில் அந்தச் சட்டம் உடம்பில் படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பல் கிட்டித்துவிட்டது.

பிறகு கழுத்தில் ஒரு துண்டைக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் இரண்டு கையையும் சேர்த்துப் போர்த்தி, ராகி மால்ட் ஊட்டினார். ஊட்டும்போது அவர் பார்வை என் மேல் இல்லை. நாத்தனார் வீட்டுச் சண்டையைப் பக்கத்தில் நின்ற இன்னொரு ஊழியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டி உதட்டில் நின்றது. மூக்கு அரித்தது. சொறிய வழியில்லை. கூட்டிப் பெருக்க வேண்டும் என்று என்னை ஓரமாகத் தள்ளினார்கள், திருப்ப மறந்து போனார்கள். நான் பச்சைச் சுவர் ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் வேறு முட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூமுக்கும் நேரம் வைத்த புண்ணியவதி நான்தான். சத்தியமாக அதிர்ந்துபோனேன். இத்தனைக்கும் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கமலா வந்தாள். ஸ்கெலட்டன் என்கிற பேட்டையில், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீடுகளிலேயே இருப்பவள். அவள் அப்பா இந்த இல்லத்தில் இருந்தார்.

"ஐயே, செல்வி அக்கா இல்ல இது? இன்னா ஆச்சி?"

"வலது கை கால் வராது. பேச்சும் கெடயாது" என்றார் மல்லிகா அக்கா.

"எப்பலர்ந்து?"

"காலையிலர்ந்து."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. நான் போட்ட உத்தரவுதான். ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகக் கமலாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"ஐயோ, கண்ணு இழுத்துக்குதே" என்றாள்.

சிரித்துக் காட்டினேன். வலது பக்கம் வராது என்று கொள்கை வைத்திருந்ததால் இடது பக்கம் மட்டும் சிரித்தேன். கமலா அப்பாவுக்குக் கொண்டுவந்த பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அப்போதாவது நீ வாயைத் திறந்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். மல்லிகா அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தோற்றுப்போக மனசு வரவில்லை, வேறென்ன.

எங்கள் லைனில் கெட்ட செய்தி வந்தால் யாரும் போன் போட்டு விசாரிக்க மாட்டார்கள். சுரங்கம் ஓடிய காலத்துப் பழக்கம். அடியில் ஏதோ ஆயிற்று என்றால் உலை கொதிக்கும்போதே அடுப்பை விட்டுவிட்டு லைன் முழுக்கச் சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும். யாருக்கு என்ன என்பதெல்லாம் அங்கே போய்த்தான் கேட்பது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்த ஓட்டம் மட்டும் நின்றபாடில்லை.

மத்தியானத்துக்குள் வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் என் மாமியார். காலில் செருப்பில்லை, கையில் மாவு காயவில்லை. கொள்கையாவது மண்ணாவது என்று பேச வாயைத் திறந்தேன்.

"பேசாத கண்ணு, நரம்பு இழுத்துக்கும்" என்று என் வாயைப் பொத்தினார். கையை எடுத்த மறுநொடி யாரோ ஒருத்தி ஒரு பிடி விபூதியை வாயில் போட்டாள். இருமல் வந்தது. இருமலில் உடம்பு குலுங்கியது. "வலிப்பு" என்று யாரோ சொல்ல, ஒரு சாவிக்கொத்தை என் கையில் திணித்து விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமியார் அழுதார். நிஜமாகவே அழுதார். அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி. அழுதுகொண்டே, "மாரியம்மா, இவளுக்குப் பேச்சக் குடு, இவளுக்கு மொட்ட போடறேன்" என்று வேண்டிக்கொண்டார். பகீரென்றது. ஊரில் எனக்கு இருந்த ஒரே பெருமை இடுப்பைத் தாண்டி இறங்கும் அந்த முடிதான். வேண்டுதல் அவருடையது, தலை என்னுடையது.

அடுத்து என்ன செய்வது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"லைன் வூட்ல இந்த வண்டி நுழையாதே."

"இங்கியே வுட்டுடலாம். வேல செஞ்ச எடம், பழகின ஜனம்."

"உள் ரூம்ல கட்டில் ரெடியா கீது" என்றார் மல்லிகா அக்கா.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுதான் சரி. ஜன்னலாண்ட போட்டா தூசி. உள்ள காத்துத் தொந்தரவு இல்லாம நிம்மதியா தூங்குவா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்ன அதே வார்த்தைகள், நான் விரித்த அதே விரிப்பு. என் மேல் உள்ள பாசத்தில், என் தலைக்கு மேலேயே, என்னை விட்டுவிட்டு எல்லோரும் முடிவு செய்கிறார்கள். அந்த நிமிஷம் அது நாடகம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அந்த உள் அறையில் ஆயுசு முழுக்கக் கிடக்கப் போகிறேன் என்றே நம்பிவிட்டேன்.

ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அவள... கேளுங்க."

பாக்கியம்.

"அவளுக்குப் பேச்சே வராதேம்மா, இன்னாத்த கேக்கறது?" என்றார் மாமியார்.

"கேட்டுட்டு... நில்லுங்க. பதிலு... வர்ற வரைக்கும்... நில்லுங்க."

மாமியார் என் முன்னால் குனிந்து, "செல்வி, உனக்கு எங்கம்மா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. விபூதி முழுவதையும் விழுங்கினேன்.

"வூட்டுக்குப் போலாம் அத்தே. மொதல்ல பாத்ரூம் போவணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

பின்னால் என் மாமியார் தரையில் உட்கார்ந்த சத்தமும், "தாயே மாரியம்மா" என்ற கூச்சலும் கேட்டன. திரும்பி வந்து நடந்ததைச் சொன்ன பிறகு நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. மல்லிகா அக்கா மட்டும், "சாயங்காலம் வரைக்கும்னு சொன்னீங்களே மேடம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் பாக்கியத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கட்டில் எங்கே இருக்கணும்?" என்று கேட்டேன். அவர் வாக்கியத்தை முடித்து வைக்க நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"இங்கதான்" என்றார். "ஆட்டோ ஸ்டாண்டு... சண்ட... பாக்கணும்."

"தூசி?"

"ஜன்னல... சாத்து."

இது எனக்குத் தோன்றவேயில்லை. விரிப்பைக் கொண்டுவந்து அவர் கட்டிலிலேயே போட்டேன். இன்னமும் அவர் அங்கேதான் இருக்கிறார், ஸ்டாண்டில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார்.

சில நாள் கழித்து மாமியார் என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மொட்ட போட்லாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். வேண்டாம் என்றேன். அவர் மாரியம்மனிடம் என்ன பேசினாரோ, ஒரு கொத்து முடியை மட்டும் வெட்டிக் கொடுக்கிற பூ முடியோடு அம்மன் என்னை விட்டுவிட்டாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் எனக்கென்று யாராவது புடவை எடுத்தாலும், ஓட்டலில் எனக்கும் சேர்த்து இட்லி சொன்னாலும், மாமியார் உடனே குறுக்கிடுவார். "அவள கேளுங்க. கேட்டுட்டு நில்லுங்க. பதில் வர லேட்டானா, கையில சாவிக்கொத்தக் குடுங்க."