சம்பந்தி குட்டையில் விழுந்த விஷயமாக

மிளகாய் வத்தல் வியாபாரத்தில் விருதுநகரே மதிக்கும் சம்பந்தி சங்கிலிமுத்து அவர்களுக்கு, எம். புதுப்பட்டி மணிமுத்து தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கற்பகவல்லியும் சுகம். தங்கள் இடுப்பு வலியும் சளியும் குறைந்து தாங்களும் சுகப்பட வேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறேன். நான் கூப்பிட்டால் தாங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் கடிதம் எழுதும்படி ஆயிற்று. ஏழு மாதக் கர்ப்பிணி என் மகள் அழகுமீனா, "வளைகாப்புக்கு ஒங்கள வாசல்ல ஏத்த மாட்டேன்னு மாமா சொல்லுறாகப்பா" என்று போனில் அழுதாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கொல்லையில் குட்டை வெட்டியது தாமரை வளர்க்கவும் நாலு கெண்டை மீன் விடவும்தான். தண்ணீர் நின்றதும் தவளை வந்தது, தவளையைத் தின்னத் தண்ணிப்பாம்பு வந்தது, பாம்பைத் தேடிக் கீரி வந்தது, மீனுக்கு நீர்க்காகம் வந்தது, இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே, என்ன விசேஷம் என்று பார்க்க மயில்கள் வந்தன. நானும் சும்மா இருக்கவில்லை. தவளைகளை வாளியில் அள்ளிப்போய் ஓடையில் விட்டேன். மழை பெய்ததும் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பின. நீர்க்காகத்தை விரட்ட என் பழைய சட்டையை மாட்டி ஒரு பொம்மை நட்டேன். அது பொம்மையின் தோளிலேயே உட்கார்ந்து சிறகு காயவைத்தது. "ஒங்க சட்டைக்கு இப்பத்தான் ஒரு மரியாத வந்திருக்கு" என்றாள் கற்பகவல்லி.

இந்த லட்சணத்தில்தான் நான் தங்களிடம், "நம்ம குட்டையில பூச்சி பொட்டு ஒண்ணும் கிடையாது சம்பந்தி, வந்து பாருங்க" என்று பீற்றிக்கொண்டது. தாங்களும் சம்பந்தியம்மாவோடு புதுக் காரில் வந்தீர்கள். காப்பி ஆறுவதற்குள் ஒரு மயில் கார்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, வேறொரு மயில் என்று நினைத்துக் கொத்த ஆரம்பித்தது. "என்ன சம்பந்தி, இது நீங்க வளக்குற மயிலா?" என்று தாங்கள் கேட்டதும் எனக்கு மானம் போய்விட்டது. அதை விரட்ட ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டேன். எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனிச் சுவரோரம் முட்டையிலிருந்து வெளிவந்து, வெடிச் சத்தத்திலேயே வளர்ந்த மயில் அது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அது கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. தாங்கள்தான் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்து, பட்டு வேட்டியோடு குட்டைக்குள் போனீர்கள்.

எழுந்து நின்றபோது தங்கள் தலையில் தாமரை இலையும் சட்டைப் பையில் தவளையும் இருந்தன. நான் ஓடிவந்து கை கொடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "மீனு ஒண்ணும் நசுங்கலையே சம்பந்தி?" என்று கேட்டேன். சவரம் செய்யக் கண்ணாடி பார்க்கவே கூசுகிறது. சம்பந்தியம்மா நிக்கிறாகளேன்னுகூடப் பாக்காம அப்பிடிக் கேட்டுப்புட்டேனே.

ஆகையால் குட்டையை மூடிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். மண்ணடிக்க ஜேசிபிக்கும் சொல்லியாயிற்று. தாங்கள் மனமிரங்கி, மகளுக்கு வளையல் பூட்ட எங்களை அனுமதிக்க வேண்டும். தங்கள் மண்டியில் வத்தல் நல்ல விலைக்குப் போகவும், பிறக்கப்போகும் பிள்ளை தங்களைப் போலப் பெருந்தன்மையோடு வளரவும் மனதார வேண்டிக்கொள்ளும்,

வெட்கத்துடன்,
மணிமுத்து

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஜேசிபி வந்தது. அதன் பின்னாலேயே சம்பந்தியம்மா வேலுத்தாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். தங்களிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம். குட்டையோரக் கோரைப் புல்லுக்குள் கானாங்கோழி குஞ்சு பொரித்திருப்பதைத் தாங்கள் விழுந்த அன்றைக்கே பார்த்துவைத்திருக்கிறார். "குஞ்சுக கெடக்கு, மண்ணக் கொட்டுனா நான் இங்கனயே உக்காந்துக்கிடுவேன்" என்று ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது கற்பகவல்லியும் அவருமாகக் கரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறார்கள். சம்பந்திக்கு என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன். "அவுக விழுந்தன்னைக்கு அடக்கிக்கிட்டேன், வீட்டுக்குப் போயி அடுப்படியில நின்னு சிரிச்சேன். கல்யாணமாகி அம்புட்டுச் சிரிச்சதில்ல" என்றார். வளைகாப்பும் இந்தக் கரையில்தானாம், முடிவு செய்துவிட்டார். தங்களையும் கூப்பிடச் சொன்னார்.